மின்னல் பாய்ஸுக்கு ஒரு கம்ப்ரெஸர்

புக்கிட் பெலிம்பிங்,
கோலசிலாங்கூர்.
2 மார்ச் 2025

பெர்த் மாநகரின் ஒலிச் சக்கரவர்த்தியும் என் அக்காள் பெற்ற ஒரே சிங்கமுமாகிய மருமகன் அர்ஜுனனுக்கு,

தாய்மாமன் சிவானந்தம் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் காலையில் மழை, மத்தியானத்தில் வெயில் என்று மாறி மாறி வாங்கி, நல்ல கருவாட்டுப் பக்குவத்தில் இருக்கிறோம். கங்காரு தேசத்தில் நீ எந்தப் பக்குவத்தில் இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். நான் போனை எடுத்தால் உன் அத்தை அமராவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் புள்ளைகிட்ட பேசணும்" என்பாள். அவள் பேசி முடிப்பதற்குள் உங்கள் ஊரில் ஒரு தேர்தல் நடந்து ஆட்சியே மாறிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் என் கேள்வி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதனால்தான் இந்த மின்னஞ்சல். ஒற்றை விரலால் தட்டுகிறேன். இந்த வரிக்கு வருவதற்குள் அந்த விரல் பாதி தேய்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் நம் தோட்டத்து மூணாம் டிவிஷன் பழைய ஆட்கள் ஒன்றுகூடுகிறோம். தோட்டம் வீட்டுமனையானதிலிருந்து ஆளுக்கொரு திசையில் போன ஜனம். உலு யாமிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறார்களாம். வருகிறவர்கள் கையில் நம் 'மின்னல் பாய்ஸ்' பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து ஒரு பென் டிரைவில் கொடுப்பதாகக் கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழுவின் அறிவிப்பாளனும் லோரி டிரைவருமாக இருந்தவன் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

வாத்தியக்காரர்களில் பாதிப்பேர் மேலே போய்விட்டார்கள். மீதிப்பேர் மூட்டுவலியில் கிடக்கிறார்கள். ஆனாலும் பாட ஒரு பாடகர் இருக்கிறார். பேஸ் வாசிக்க ஒரு மகா கலைஞன் இருக்கிறான். அது நான். நீ விட்டுப்போன பேஸ் கிட்டார் உன் அம்மா வீட்டு அலமாரி மேலே காண்டீபம் மாதிரி துணி சுற்றிக் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பயிற்சி செய்கிறேன். முதல் நாள் ஒரு தந்தியைச் சுண்டினேன், எதிர் வீட்டு எண்ணெய்ப்பனையில் குலை சரிந்தது.

கம்ப்யூட்டரும் மைக்கும் கொர்னேலியஸ் தருகிறான். டவுனில் போட்டோக் கடை வைத்திருக்கிறானே, கடைக்கு மேல்மாடியில் மாதா கோயில் கொயர் பாட்டெல்லாம் பதிவு செய்கிறான், அவன்தான். ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்டோம். பாடகர் தணிந்து பாடுகிற இடத்தில் எறும்பு தும்முகிற மாதிரி இருக்கிறது. உச்சத்துக்குப் போனாலோ, கிள்ளான் துறைமுகத்தில் நிற்கிற கப்பலெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். என் பேஸோ ஒரு தந்தியில் யானை, அடுத்த தந்தியில் கொசு. "அங்கிள், இதுக்குக் கம்ப்ரெஸர் வேணும் லா. மலிவா ஒண்ணு பாருங்க" என்றான் கொர்னேலியஸ். உன் அத்தையிடம் சொன்னேன். "லோரியத்தான் வித்தாச்சே, எந்த டயருக்குக் காத்தடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

ஆகவே சக்கரவர்த்தியே, குரலுக்கும் பேஸுக்கும் ஒத்துவருகிற மாதிரி, என் சட்டைப்பை கதறாத விலையில், எந்தக் கம்ப்ரெஸர் வாங்கலாம்?

உன் மாமன்,
மின்னல் பாய்ஸின் ஆயுட்கால அறிவிப்பாளன்,
சிவானந்தம்

*

பெர்த்,
6 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரு நாடக அரங்கில் ஒலிப்பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. வேலை சரியாகப் போகிறது. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

"ஒரு பாடகர் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மின்னல் பாய்ஸில் பாடியது ஒரே ஆள்தான் மாமா. அவர் பெயர் லோகேஸ்வரன், எனக்கு அப்பா. இதை மூன்றாம் மனிதர் மாதிரி எழுதி என்னை ஏமாற்றலாம் என்று நினைத்தீர்களா?

நடந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. பாகான் நக்கோடா ஓமார் ஊரில் நடந்த கல்யாணத்தில் நீங்கள்தான் மேடை ஓரத்தில் மைக்கோடு நின்றீர்கள். ஏறுவதற்கு முன்பே அவரிடம் சொன்னேன், "அப்பா, தொண்டை கட்டியிருக்கு, சுருதிய ஒரு கட்டை இறக்கிக்குவோம்." அவர் கேட்கவில்லை. முதல் சரணத்திலேயே குரல் உடைந்தது. எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது சரணத்தில் நானாக பேஸைக் கீழே இறக்கிவிட்டேன், அவரும் கூடவே இறங்கிவிடுவார் என்று நினைத்து. அவர் இறங்கவில்லை. அவர் ஒரு சுருதியில், நான் ஒரு சுருதியில். ஜனம் சிரித்தது. அவர் வந்து ஆம்பிளிஃபையரிலிருந்து என் வயரைப் பிடுங்கினார். "உன்னை யாருடா காப்பாத்தச் சொன்னா?" என்று மைக்கிலேயே கேட்டார். நான் கிட்டாரை வைத்துவிட்டு இறங்கினேன். ஆறு வருஷம் ஆகிறது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே கம்ப்ரெஸர் பற்றி மட்டும் எழுதுவோம். அவர் பெயர் வேண்டாம்.

கம்ப்ரெஸர் செய்வது இவ்வளவுதான். சத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அதைப் பிடித்து அமுக்கும். உச்சத்தை அமுக்கிவிட்டால் பிறகு மொத்தத்தையும் தூக்கலாம். அப்போது தணிந்த சத்தமெல்லாம் மேலே வந்துவிடும். இதற்குப் பெட்டியே வேண்டியதில்லை. கொர்னேலியஸின் பதிவு மென்பொருளிலேயே ஒன்று இலவசமாக இருக்கும். அதை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
அர்ஜுனன்

*

புக்கிட் பெலிம்பிங்,
14 மார்ச் 2025

அன்பு மருமகனுக்கு,

உன் கட்டளையைத் தலைமேல் ஏற்கிறேன். அவர் பெயரை இனி எழுதமாட்டேன். 'மேற்படி நபர்' என்று எழுதுவேன்.

நீ சொன்ன விளக்கம் கற்பூரமாகப் பற்றிக்கொண்டது. நம் தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில், வேலை வாங்குகிற மண்டோர் என்ன செய்வார்? கத்துகிறவன் தலையில் ஒரு தட்டு, பின்வரிசையில் முணுமுணுக்கிறவனை இழுத்து முன்னால் நிறுத்துவது. ஆக நீ சொல்கிற கம்ப்ரெஸர் ஒரு மண்டோர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் எப்போதோ எஞ்சினியர் ஆகியிருப்பேன்.

ஆனால் மருமகனே, கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிற மண்டோர் எனக்கு வேண்டாம். மேற்படி நபருக்கும் பிடிக்கவில்லை. கொர்னேலியஸ் திரையில் ஏதோ கோட்டை இழுத்துக் காட்டினான். மேற்படி நபர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "என் குரல இந்தப் படத்துல எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார். கையால் பிடித்துத் திருகுவதற்கு ஒரு குமிழ் இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். எனக்கோ, முள் ஆடுகிற மீட்டர் ஒன்று வேண்டும். எங்கள் லோரியில் கடைசிவரை வேலை செய்தது அந்த முள் ஒன்றுதான்.

பதிவறையின் மகிமையைக் கேள். பக்கத்துக் கடையின் மேல்மாடி இப்போது, சூப்புக்கு விற்கிற குருவிக்கூடு எடுப்பதற்கான பறவைக்கூட்டு வீடு. கூடு கட்ட வரச்சொல்லிக் குருவிகளை ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள், பொழுது விடிந்து பொழுது சாயும் வரை. சுவரெல்லாம் மெத்தை அடித்தும் அந்தக் கீச்சுக் கீச்சு உள்ளே வருகிறது. இந்தப் பாட்டைக் கேட்டு ஒன்றுகூடலுக்கு மனுஷர் வருகிறார்களோ இல்லையோ, சிலாங்கூரின் மொத்தக் குருவியும் வந்துவிடும்.

மேற்படி நபர் முதலில் தனியாகப் பாடுகிறார். அதன்மேல் நான் பிறகு வாசிக்கிறேன். அப்படித்தான் செய்யவேண்டுமாம், கொர்னேலியஸ் சொல்கிறான். எனக்கு அதில் ருசியே இல்லை. அந்தக் காலத்தில் எப்படிப் போவோம்? லோரியின் பின்னால் பாட்டுப்பெட்டியெல்லாம் ஏற்றி, ஆம்பிளிஃபையருக்கு உன் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றி, அதன்மேல் உன்னை உட்காரவைத்துவிடுவோம். மழை வந்தால் தார்ப்பாய் உனக்கில்லை, ஆம்பிளிஃபையருக்குத்தான். தஞ்சோங் காராங் தாண்டியதும் நெல்வயல் காற்று வரும். மேற்படி நபர் அங்கேயே பாட ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீடு போய்ச் சேர்வதற்குள் வழியில் உள்ள கொக்குகளுக்கெல்லாம் பாட்டு மனப்பாடமாகியிருக்கும்.

கிள்ளானில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் இரண்டு பெட்டி பார்த்தேன். ஒன்று ஒற்றைச் சேனல். முன்னால் பெரிய வட்ட மீட்டர், உள்ளே மஞ்சள் விளக்கு. பார்த்தவுடன் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றியது. இன்னொன்று இரட்டைச் சேனல், கறுப்பு, தட்டை, முகமெல்லாம் குமிழ். அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்க? பதிவு செய்த பாட்டும் இதோடு வருகிறது, கேட்டுப் பார்.

அழகில் மயங்கிய,
சிவானந்தம் மாமா

*

பெர்த்,
21 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மீட்டரைப் பார்த்து வாங்கக்கூடாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த ஒற்றைச் சேனல் பெட்டி மெதுவாகப் பிடித்து மெதுவாக விடுகிற வகை. குரலுக்கு அழகாக இருக்கும். பேஸுக்கு அவ்வளவு கைகொடுக்காது, ஏனென்றால் எவ்வளவு வேகமாகப் பிடிப்பது, எப்போது விடுவது என்பதை நாமே வைக்க முடியாது. கறுப்புப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குமிழ் இருக்கும். கொஞ்சம் இரைச்சல் போடும், பரவாயில்லை. அதையே வாங்குங்கள். கடையிலேயே செருகி இரண்டு சேனலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குமிழைத் திருகும்போது கரகர என்றால் வேண்டாம்.

குரலுக்கு: எல்லை தாண்டுகிற சத்தத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் போதும். சீக்கிரம் பிடித்து, நிதானமாக விடட்டும். பேஸுக்கு நாலில் ஒரு பங்கு. ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்க வேண்டும். தந்தியில் விரல் படுகிற அந்த முதல் 'டும்' வெளியே வந்துவிட வேண்டும், பிறகு பிடிக்கட்டும். அது வராவிட்டால் பேஸ் வாசிக்கிற மாதிரி இருக்காது, அடுத்த வீட்டில் யாரோ மெத்தையைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

நீங்கள் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். மாமா, உங்கள் பேஸைச் சரிசெய்கிற கம்ப்ரெஸர் இன்னும் உலகத்தில் வரவில்லை. மூன்றாவது தந்தியில் விரலை எங்கே வைக்கிறீர்கள்?

ஆம்பிளிஃபையர்மேல் உட்கார்ந்து போனது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சூடாக இருக்கும். திரும்பி வரும்போது கல்யாண வீட்டு பிரியாணிப் பொட்டலம் மடியில் சூடாக இருக்கும். அந்தச் சேலையில் மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசம். இங்கே கருவிகளை இரும்புப் பெட்டியில் நுரை மெத்தைக்குள் வைத்துக் கொண்டுபோகிறோம். ஒரு வாசமும் இல்லை.

குரல் மட்டும் இருக்கிற பதிவை, எதையும் சேர்க்காமல், கொர்னேலியஸை அனுப்பச் சொல்லுங்கள். குமிழ்களை எங்கே வைப்பது என்று கணக்குப் பார்க்கத்தான். வேறு எதற்கும் இல்லை. அவர் பாடுவதற்கு முன்னால் இன்னும் ஐஸ் தண்ணீர் குடிக்கிறாரா? குடிக்கக்கூடாது என்று யாராவது சொல்லலாம்.

அன்புடன்,
அர்ஜுனன்

*

புக்கிட் பெலிம்பிங்,
12 ஏப்ரல் 2025

அன்பு மருமகனுக்கு,

மண்டோர் வந்து இறங்கிவிட்டார்! கடைக்காரச் சீனனிடம் பேரம் பேசியதில் அவன் கண்ணீர் விட்டான், நான் கண்ணீர் விட்டேன், வழியில் போன போலீஸ்காரரும் நின்று கொஞ்சம் கண்ணீர் விட்டுப் போனார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். உன் அத்தை பார்த்துவிட்டு, "இதுக்கு அந்த விளக்கு வச்சதையே வாங்கியிருக்கலாம், சாமி ரூம்லயாவது வச்சிருப்பேன்" என்றாள்.

நீ எழுதியபடிதான் குமிழ்களை வைத்தான் கொர்னேலியஸ். பேஸில் யானையும் கொசுவும் சமாதானமாகி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆடு வந்து நிற்கிறது. முன்னேற்றம்தான். பிறகு அவன் தேத்தண்ணி வாங்கக் கீழே இறங்கினான். தனியாக இருந்த நான் ஒரு விஞ்ஞானிக்குரிய ஆவலோடு எல்லாக் குமிழையும் வலது கோடிக்குத் திருகிவிட்டேன். அப்பப்பா! மேற்படி நபரின் மூச்சு, நாற்காலி முனகல், மின்விசிறி, கீழே போகிற மோட்டார் சைக்கிள், குருவி, எல்லாம் ஒரே வரிசையில் நின்று கத்துகின்றன. கொர்னேலியஸ் தேத்தண்ணியோடு வந்து கதவிலேயே நின்றுவிட்டான். "அங்கிள், குருவி முன்னால நிக்குது, சிங்கர் பின்னால போயிட்டாரு!"

மேற்படி நபரைப் பற்றி ஒரு புகார். நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். பல்லவி முடிந்ததும் ஒரு நிறுத்தம். சரணத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம். சில இடத்தில் நான் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டு வந்து வாசிக்கலாம், அவ்வளவு நேரம். எழுபதை நெருங்குகிற ஆள், மூச்சு வாங்குகிறது என்று நினைக்கிறேன். அந்த இடங்களை வெட்டி ஒட்டிவிடலாம் என்கிறான் கொர்னேலியஸ். வெட்டலாமா?

ஐஸ் தண்ணீர் விஷயத்தை, நீ சொன்னதாகச் சொல்லாமல், உலக சுகாதாரத்தின் பேரில் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது.

குரல் கோப்பு இதோடு வருகிறது.

விஞ்ஞானி,
சிவானந்தம் மாமா

*

பெர்த்,
19 ஏப்ரல் 2025

மாமா,

எதையும் வெட்டாதீர்கள். கொர்னேலியஸிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். விளையாட்டு வேண்டாம், நேராகப் பதில் சொல்லுங்கள். அவரை அப்படிச் சொல்லச் சொன்னது நீங்களா?

நீங்கள் குமிழைக் கோடிக்குத் திருகியதை எழுதியிருந்தீர்கள் அல்லவா, நானும் இங்கே குரல் கோப்பை அதேபோல் அமுக்கித் தூக்கிப் பார்த்தேன், எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. குருவி வந்தது. விசிறி வந்தது. பல்லவி முடிந்து அவர் நிறுத்துகிற இடத்தில், முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே, "ம்... வா, அர்ஜுனா" என்கிறார்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது, நீங்கள் மேடை ஓரத்தில் நிற்பீர்கள். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் குழுவை நடத்துகிற ஆள் இல்லை. எனக்கு மட்டும் அப்படித்தான் சாடை கொடுப்பார். பல்லவி முடிந்ததும் பேஸ் தனியாக நாலு சுற்று ஓடவேண்டும், அதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "வா, அர்ஜுனா." ஜனத்துக்குக் கேட்காது. எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து கேட்டது.

சாதாரணமாகக் கேட்டால் இந்தப் பதிவில் அது எங்கேயும் இல்லை. நீங்கள் இத்தனை தடவை கேட்டும் உங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்கிறார் மாமா. அது மூச்சு வாங்குவது இல்லை. கூப்பிட்டுவிட்டு நிற்கிறார்.

நேற்று அரங்கில் இருந்த ஒரு பேஸை எடுத்துக்கொண்டு அந்த இடங்களில் வாசித்துப் பார்த்தேன். அனுப்பிவிடலாம், உங்கள் வேலையும் முடியும் என்று. முடியவில்லை. ஒரு இடத்தில் நான் உள்ளே வருவதற்கு முன்பே அடுத்த வரியை எடுத்துவிடுகிறார். இன்னொரு இடத்தில் நான் வாசித்து முடித்த பிறகும் நிற்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு. யாரோ வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குத் தாளம் எப்படி இருக்கும்? எந்தப் பெட்டியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அவரும் நானும் ஒரே அறையில் இருந்தால்தான் இந்தப் பாட்டைப் பதிவு செய்ய முடியும்.

இதை அவரிடம் சொல்வதானால், தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லுங்கள். ஜூலையில் எனக்கு விடுமுறை எடுக்க முடியும். அவர் வேண்டாம் என்றால் நான் டிக்கெட் எடுக்கவில்லை.

அர்ஜுனன்

*

புக்கிட் பெலிம்பிங்,
27 ஏப்ரல் 2025

அன்பு அர்ஜுனா,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் அத்தைமேல் சத்தியம். அவள் பக்கத்திலிருந்து, "என்மேல எதுக்கு, உங்கமேலயே பண்ணுங்க" என்கிறாள், சரி, என்மேலேயும்தான். லோரி எஞ்சினுக்கு நாற்பது வருஷம் பறிகொடுத்த காது இது. இடியையே யாராவது சொன்னால்தான் நம்பும்.

உன் கடிதத்தைப் படித்ததும் கொர்னேலியஸின் கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காள் வீட்டுக்குப் போனேன். மச்சான் வீட்டில் இல்லை. உன் அம்மா கலாவதியின் காதில் ஹெட்போனை மாட்டி, நீ சொன்ன மாதிரி எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "இதைத் தெரிஞ்சுக்கவா சிவா பெட்டியெல்லாம் வாங்குன? குளிக்கிறப்பக்கூட அந்தாளு இப்படித்தான் லா பாடுறாரு" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

மச்சான் சாயங்காலம் வந்தார். நான் அறிவிப்பாளன், உனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குப் பேர் வைப்பதாக இருந்தாலும் முன்னுரைக்கு அரைமணி நேரம் எடுப்பவன். அன்றைக்கு முன்னுரையே வைக்கவில்லை. "மச்சான், அந்த இடத்துல பேஸ் வாசிக்க அர்ஜுன் ட்ரை பண்ணான். முடியலையாம். நீங்க நிக்கிறது ஒரே அளவா இல்லையாம்" என்றேன். அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே குனிந்தபடி இருந்தார். "கேட்டானா?" என்றார்.

"கேட்டான்."

"கூப்புட்டா, ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும்ல. அதுக்கு என்ன அளவு?"

ஒரே அறையில்தான் வாசிக்க முடியும், ஜூலையில் வரட்டுமா என்று கேட்கிறான், தொழில்நுட்பக் காரணம் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். போச்சு, கதை முடிந்தது என்று நான் கணினியை மூடினேன். உன் அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மெதுவாக ஏதோ முனகுகிற சத்தம். ஒரு வரியைத் திரும்பத் திரும்ப. கொஞ்சம் மேலே எடுக்கிறார், நிறுத்துகிறார், கீழே எடுக்கிறார்.

வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் தருகிறேன். என் வாழ்நாளில் நான் கூட்டாமல் சொல்வது இது ஒன்றுதான்:

"பழைய சுருதி இப்ப எனக்கு எட்டாது. ஒரு கட்டை இறக்கித்தான் பாடுவேன். அவன்கிட்ட சொல்லிடு. அந்தச் சுருதியில பழகிட்டு வரட்டும்."

அவ்வளவுதான் மருமகனே. உனக்கு இன்னும் கொஞ்சம் நல்ல வார்த்தையாக வாங்கித் தரவேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் நான் அந்தக் கல்யாண மேடையில் பக்கத்தில் நின்றவன். இதைச் சொல்ல அவர் அறைக்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

டிக்கெட் எடுத்துவிட்டு எனக்கு எழுது. இல்லை, எனக்கு வேண்டாம். மச்சானுக்குப் போன மாசம்தான் நான் ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்தேன். முகவரி கீழே இருக்கிறது. தூதுவன் வேலையிலிருந்து இன்றோடு எனக்கு ஓய்வு. பேஸ் பதவியிலிருந்தும் விலகுகிறேன். நாட்டுக்கு நல்லது.

சிவானந்தம் மாமா

*

பெர்த்,
2 மே 2025

அப்பாவுக்கு,

ஜூலை 12, சனிக்கிழமை காலை வந்து சேர்கிறேன். விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். வருவதானால் வாங்க.

ஒரு கட்டை கீழே. சரி. நேற்றிலிருந்து அந்தச் சுருதியில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். கீழே பேஸுக்கும் நன்றாக இருக்கிறது, விரல் வைக்காமல் திறந்த தந்தியிலேயே வாசிக்க முடிகிறது. அன்றைக்கு மேடையில் கேட்காமல் இறக்கியிருக்கக்கூடாது அப்பா. அது உங்கள் பாட்டு.

பல்லவி முடிந்து நீங்கள் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டிய அளவு நாலு சுற்றுதான், முன்பு மாதிரியே. கூப்பிடுங்கள், அந்த இடத்தில் உள்ளே வந்துவிடுவேன்.

மாமாவின் பெட்டியில் ஒரு சேனல் உங்கள் குரலுக்கு, ஒரு சேனல் என் பேஸுக்கு. நடுவில் இரண்டையும் இணைக்கிற ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். அதை அமுக்கிவிட்டால் நான் ஓங்கி வாசிக்கும்போது உங்கள் குரலும் சேர்ந்து தாழும், நீங்கள் ஓங்கிப் பாடும்போது என் பேஸும் சேர்ந்து தாழும். விளக்கு எரிகிறது என்பதற்காகவே மாமா அதை அமுக்கிவிடுவார். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், அமுக்கவிடாதீர்கள்.

அர்ஜுனன்